ஐம்பத்தைந்து கிலோ ஆட்டம்

போன மாதம் நர்சிங் மாணவிகள் சிலர் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற நர்சுகளை அவ்வப்போது அழைத்து, சால்வை போர்த்தி, வடையும் டீயும் கொடுத்துப் பழைய கதை கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நானும் சால்வைக்கு ஆசைப்பட்டுப் போய்விடுகிறேன். கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். ஏதோ ஒரு பொடியாம். அதைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, சோற்றை நிறுத்திவிட்டால் ஒரே மாதத்தில் உடம்பு பாதியாகிவிடுமாம். விடுதியில் நிறைய பேர் அதைத்தான் குடிக்கிறார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல இந்த டயட்டெல்லாம் கெடையாதுல்ல மேடம்? அப்பல்லாம் எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்க, ஆரோக்கியமா இருந்தாங்க, இல்ல?" என்றாள்.

எல்லாரும் நல்லா சாப்பிட்டார்களாம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதையோ உளறிக்கொட்டிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் தட்டில் வடை வைத்தது வைத்தபடி இருந்தது. "சாப்பிடலையாம்மா?" என்று கேட்டேன். "சாப்பிட்டேன் மேடம்" என்றாள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே.

வீடு வந்து சேரும்வரை அந்த "சாப்பிட்டேன்" காதைவிட்டுப் போகவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் இதே சொல் ஒரு ஆஸ்பத்திரியையே திக்குமுக்காட வைத்தது. அந்தக் கதையை அங்கே சொல்லியிருக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தாலாவது எனக்கே கொஞ்சம் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் குரும்பலூர்க்காரி. பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை. திருச்சியில் பெட்பேன் கழுவினேன், விரிப்பின் மூலையை மடித்தேன், திட்டு வாங்கினேன். எங்கள் மேட்ரன் அம்மா ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மண்டையில் ஆணி அடித்து இறக்கினார். நோயாளிக்கு முன்னால் "தெரியாது" என்ற வார்த்தை நர்சின் வாயில் வரக் கூடாது. "டாக்டர் சொல்வாங்க" என்று சொல்லு, "பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லு, ஒன்றும் தோன்றாவிட்டால் தெர்மாமீட்டரை வாயில் வை. அந்த உபதேசத்தை இறுகப் பிடித்துக்கொண்டு முதலில் பெரம்பலூரில் வேலை பார்த்தேன்.

எடை குறைக்கிறேன் என்று உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஒருவரை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். வசதியான வீட்டுப் பெண், கல்யாணம் நிச்சயமானவள். ஏதோ ஒரு நடிகை எலுமிச்சம்பழச் சாறு மட்டும் குடித்து இளைத்ததாகப் பத்திரிகையில் படித்துவிட்டு இவளும் அதையே குடித்திருக்கிறாள். ஜவுளிக்கடையில் கூறைப் புடவை எடுக்கும்போது மயங்கி விழுந்து எங்களிடம் வந்தாள். சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வந்தவர் மணப்பெண்ணின் தலையைப் பார்த்துவிட்டு, "முகூர்த்தத்துல பூவ எதுலங்க வைக்கிறது?" என்று என்னைக் கேட்டார். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். பெண் தேறிவிட்டாள். நாங்கள் டீ குடிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தின்னச் சோறு இருந்தும் தின்னாமல் கிடப்பது பணக்கார வீட்டுக் கொழுப்பு என்பது எங்கள் எல்லாருடைய எண்ணமும். கூலி வேலைக்காரன் வீட்டில் அப்படி ஒன்று நடக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, கனவிலும் நினைத்ததில்லை.

அப்புறம் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பெயர் வேண்டாம், அந்த ஆஸ்பத்திரி இப்போது அங்கே இல்லை. அங்கிருந்த ஒரே டாக்டரை ஊரே "பெரிய டாக்டர்" என்றது. சின்ன டாக்டர் என்று யாரும் கிடையாது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு எந்த நோயாளியிடமும் பேசமாட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி உட்காருவார். ஒரு கிராம்பை வாயில் அதக்கிக்கொள்வார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார், நடுவில் வேறு எதையாவது பேசிவிட்டு. "நேத்து ஜொரம் இருந்துச்சா?" என்பார். பிறகு மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி. பிறகு "நேத்து குளிச்சீங்களா?" என்பார். கடைசியில் எழுந்திருக்கும்போது, "நேத்து வேலைக்குப் போனீங்கள்ல?" என்பார். மூன்று பதிலும் ஒத்துப்போனால்தான் எழுதுவார். கோபம் வந்தால் கத்தமாட்டார், மரியாதை கூடிக்கொண்டே போகும். "சிஸ்டர் அவர்களே, அந்த ஊசியைக் கொஞ்சம் கொதிக்க வைத்தால் தேவலாம் அல்லவா" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தார் என்றால் அன்றைக்கு நாம் தொலைந்தோம்.

இன்னொன்று. "தெரியல" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுவார். நோயாளி முன்னாலேயே. முதல்முறை அதைக் கேட்டபோது நான் அவசரமாகத் தெர்மாமீட்டரை எடுத்து நோயாளியின் வாயில் வைத்தேன். மேட்ரன் அம்மா சொன்னது சரியா இவர் செய்வது சரியா என்று எனக்குள் ரொம்ப நாள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

செல்வராசு என்ற கபடிக்காரப் பையன் வந்தது எண்பத்து மூன்றிலா நான்கிலா என்று சரியாக நினைவில்லை. முந்திரி பிஞ்சு விட்டிருந்த சமயம். திருவிழாவை ஒட்டிப் பக்கத்து ஊரில் எடை வைத்து ஆடும் கபடிப் போட்டி நடந்தது. அணியில் ஒருவனும் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. ஆட்டத்தன்று காலையில் ஒவ்வொருவனையும் நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், உச்சி வெயிலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது, பனியனும் டவுசருமாக ஒரு கூட்டம் குதித்தது, கயிற்றுக் கட்டிலில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதுதான். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். தலை புது மொட்டை. ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அணித்தலைவன் கலியபெருமாள், லாரி கிளீனர், மூச்சு வாங்கப் பேசினான்.

"ஏறிப் பாடிட்டுத் திரும்புனான் சிஸ்டர். நடுக்கோட்டுக்கிட்ட வந்தவன் அப்புடியே ஒக்காந்துட்டான். எந்திரிடான்னா காலு வரலைங்கறான்."

"அடி பட்டுச்சா?"

"யாரும் தொடவே இல்லீங்க. அதான் ஒண்ணும் புரியல."

"சாப்பிட்டானா?"

"நல்லா சாப்பிட்டான் சிஸ்டர். காலையில கறியும் சோறுமா."

பெரிய டாக்டர் ஸ்டூலை இழுத்தார், கிராம்பைப் போட்டுக்கொண்டார். காலைத் தூக்கச் சொன்னார். செல்வராசு பல்லைக் கடித்துப் பார்த்தான், கால் அசையவில்லை. கை பாதி உயரம் வந்து விழுந்தது. தொட்டால் தெரிகிறது, கிள்ளினால் வலிக்கிறது, பேச்சில் குழறல் இல்லை. முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை.

"ராத்திரி எங்கப்பா படுத்த?"

"ஆடுற எடத்துக்குப் பக்கத்துல, முந்திரித் தோப்புல சார். தரையிலதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் தரையில் படுத்தவனுக்குக் கை கால் விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது கட்டுவிரியன். கடித்த இடமே தெரியாது, வலிக்காது. டார்ச் வைத்துக்கொண்டு விரலிடுக்கு, காதுப் பின்புறம் எல்லாம் தேடினோம், ஒன்றும் இல்லை. ஆனால் கட்டுவிரியன் கடித்தால் முதலில் கண் இமை சொருகும். இவன் கண்ணை நன்றாக விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே கோளாறு காலிலிருந்து மேலே ஏறியது. டாக்டர் கிராம்பைக் கடித்துத் துப்பிவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொண்டார்.

இதற்குள் அவனுடைய அக்கா அஞ்சலை வந்துவிட்டாள். களை எடுத்த கையோடு பஸ் ஏறியிருக்கிறாள், காலில் சேறு காய்ந்திருந்தது. அம்மா இல்லாத குடும்பம், தம்பியை வளர்த்தது அவள்தான். ஒரு மாதமாக அவன் வீட்டில் இல்லை. கலியபெருமாளின் ஊரில் ஒரு மோட்டார் கொட்டாயில் தங்கி அணியோடு பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவளிடமும் கேட்டார்.

"தம்பி சாப்பாடெல்லாம் எப்படிம்மா?"

அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "நல்லாச் சாப்புடுவான் சார். எங்க வூட்ல சோத்துக்கு என்னாங்க கொறை?"

எங்கள் ஊர்களில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்பதுதான் பதில். வேறு பதில் கிடையாது. அதுவும் பிறத்தியார் வயலில் வேலை செய்து பிழைத்த குடும்பங்களில் உயிர் போனாலும் சாப்பிடவில்லை என்று வெளி ஆளிடம் சொல்லமாட்டார்கள். பசி என்பது வீட்டு ரகசியம். அந்தப் பதிலை நானும் ஆயிரம் தடவை சொல்லி வளர்ந்தவள்தான். அப்படியிருந்தும் ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டிருந்தோம்.

வெயிலில் ஆடிச் சோர்ந்திருக்கிறான் என்று குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார் டாக்டர். நாங்கள் எல்லாருக்கும் ஏற்றுவதுதான். அங்கேதான் எங்களுக்கு ஒன்றும் புரியாமல் போனது. குளுக்கோஸ் ஏறினால் ஆள் தெளிவான். இவனுக்கு ஏற ஏற இறங்கியது. முதல் பாட்டில் முடியும்போது பாதி தூக்கிய கை அசையவே இல்லை. இரண்டாவதைப் போட்டதும் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. நாடி பிடித்தால் நடுநடுவே ஒரு துடிப்பைக் காணோம். என் விரல்தான் சரியில்லை என்று விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மேல்மூச்சு வாங்க ஆரம்பித்தான்.

"அக்கா, நெஞ்சு மேல யாரோ ஒக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்றான்.

அஞ்சலை டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாங்க சார் ஆவுது? சொல்லுங்க சார்."

டாக்டர் எழுந்து நின்றார். அவர் நோயாளி பக்கத்தில் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "தெரியலம்மா" என்றார்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "தெரியலங்கறாரே சிஸ்டர்? வேற எடம் கொண்டு போவலாமா? திருச்சிக்குப் போவலாமா?" போகலாம் என்று சொல்வதா? போகிற வழியில் மூச்சு நின்றால்? மேட்ரன் அம்மா சொல்லிக்கொடுத்தபடி, "பார்த்துட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

டவுசர் வியர்வையில் ஊறியிருந்தது. மாற்றிவிட்டால் முதுகுப் பக்கம் இன்னொரு முறை கடிவாயும் தேடலாம் என்று டாக்டர் சொன்னார். நானும் அஞ்சலையும் கைலியைச் சுற்றி டவுசரை உருவினோம். இடுப்பில் அவள் கை பட்டது. பட்ட இடத்திலேயே நின்றது. அடுத்த நொடி அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற பையன்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள்.

"அரைஞாண் எங்கடா? அரைஞாணை யாருடா அறுத்தது?"

ஆண்பிள்ளை இடுப்பில் அரைஞாண் கயிறு இல்லாமல் இருக்க மாட்டான். இற்றுப்போனால்கூடப் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்பார்கள். கட்டாமல் அறுப்பது ஒரே ஒரு சமயத்தில், சுடுகாட்டில். அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "உசுரோட இருக்கறவனுக்கு அறுத்துட்டீங்களேடா, பாவிங்களா!"

ஆனால் டாக்டரின் கண் வேறு எங்கோ இருந்தது. செல்வராசுவின் இடுப்பில் கயிறு கிடந்த தடம் வெளுப்பாகத் தெரிந்தது. அந்தத் தடத்துக்குக் கீழே தோல் தொங்கியது. இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. அந்தக் கயிறு கட்டியபோது இருந்த உடம்பு அங்கே இல்லை.

டாக்டர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார், இந்த முறை கலியபெருமாளுக்கு எதிரே. "எதுக்குப்பா அறுத்தீங்க?" என்றார், ரொம்ப மெதுவாக.

கலியபெருமாள் அழுதுவிட்டான். "எடைக்கு சார். மண்டியில மூட்டை நிறுக்கற தராசுலதான் ஏத்துனாங்க. துளியூண்டுதான் சார் கூட இருந்துச்சு. மொட்டை அடிச்சுட்டு வந்து ஏறுனான், அப்பவும் ஒத்துக்கல. அரைஞாண்ல ஒரு தாயத்து இருந்துச்சு. அவனேதான் பிளேடு வாங்கி அறுத்தான். அப்பறந்தான் சரியா நின்னுச்சு."

வேண்டுதல் இல்லை, மொட்டையும் எடைக்காகத்தான். டாக்டர் அதற்கப்புறம் "சாப்பிட்டானா" என்று கேட்கவில்லை. "போன வாரம் ராத்திரிக்கு என்ன சாப்பிட்டான்? யார் போட்டது? தட்டுல எவ்வளவு மிச்சம் வச்சான்?" என்று கேட்டார். வாயைக் கட்டிப்போட்டிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்ததுபோல எல்லாம் வந்தது. செல்வராசு நல்ல உயரம், அறுபத்தெட்டு கிலோ இருந்தவன். அணியிலேயே நல்ல ஆட்டக்காரன், அவன் இல்லாமல் ஜெயிக்க முடியாது. அதனால் முதலில் ஒருவேளைச் சோறு, பிறகு ஒரு கைப்பிடி, பிறகு பழைய சோற்றை வடித்த வெறும் நீச்சத்தண்ணி. வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடினான். நெல்லிக்காயை வாயில் போட்டு எச்சிலைத் துப்பித் துப்பி உடம்பில் இருந்த ஈரத்தை வெளியேற்றினான். போதாததற்கு யாரோ கொடுத்த, நீர் பிரிய வைக்கும் மாத்திரை. தராசில் நின்று இறங்கியதும், தெம்பு வேண்டுமே என்று ஒரு மாதப் பசிக்கும் சேர்த்து அண்டா திறந்து கறிசோறு போட்டார்கள். தின்றுவிட்டு ஆடப் போனான்.

டாக்டர் எழுந்து தானே போய்க் குளுக்கோஸை நிறுத்தினார். உப்புத் தண்ணீர் பாட்டிலை மாட்டச் சொன்னார். என்னிடம் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. பட்டினியிலும் அந்த மாத்திரையிலும் உடம்பிலிருந்த சில உப்புகள் வற்றிப் போயிருக்கின்றன. அந்த நிலையில் திடீரென்று சோறோ குளுக்கோஸோ உள்ளே போனால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பையும் சதை இழுத்துக்கொள்ளும். அப்போது கை கால் விழும், இதயமும் தடுமாறும். "அதாதான் இருக்கணும்னு தோணுது. ரத்தத்தைத் திருச்சிக்கு அனுப்பாம உறுதியா சொல்ல முடியாது. அதுவரைக்கும் இவன் தாங்கணுமே" என்றார். பொட்டாசியம் மருந்துப் புட்டி ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புரை ஏறாமல், கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டேன். அந்த மருந்தின் உவர்ப்பில் அவன் முகம் கோணியது. முகத்துச் சதையாவது வேலை செய்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் நான் வந்தபோது செல்வராசு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தவறவில்லை. அஞ்சலை புதுக் கருப்புக் கயிறு வாங்கி வந்து கட்டிக்கொண்டிருந்தாள். கயிறு இடுப்பைவிட்டு நழுவும் அளவுக்குத் தொளதொளவென்று இருந்தது. "இறுக்கிக் கட்டேம்மா" என்றேன். "ஒடம்பு தேறி வரும்ல சிஸ்டர்" என்றாள்.

கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. டாக்டரின் உத்தரவு: அரை டம்ளர் கஞ்சி, இளநீர், மருந்து. வேறு ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. எனக்கு அது பிடிபடவே இல்லை. எலும்பும் தோலுமாக ஒருவன், கண்ணெல்லாம் பசி, நான் அவனுக்கும் சோற்றுக்கும் நடுவே காவல். பட்டினியால் வந்த நோய்க்குப் பட்டினியே வைத்தியமா? மேட்ரன் அம்மா உயிரோடு இருந்தால் ஓடிப் போய்க் கேட்டிருப்பேன்.

மத்தியானம் அஞ்சலை தூக்குப்பாத்திரத்தோடு வந்தாள். திறக்கும் முன்பே கருவாட்டுக் குழம்பு வாசனை வார்டு முழுக்கப் பரவியது. நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம்.

"பட்டினி போட்டே கொல்லப் பாக்குறீங்களா? உங்க வூட்டுப் புள்ளையா இருந்தா இப்புடிச் செய்வீங்களா?"

பெரிய டாக்டர் வந்தார். "அஞ்சலை அம்மையார் அவர்களே" என்று ஆரம்பித்தார். சரி, ரொம்பக் கோபம் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சோறு எப்புடிங்க சார் வெசமாவும்?"

"சோறு விஷம் இல்லம்மா. நீங்க வயல் வேலை பாக்கறவங்க. காஞ்சு வெடிச்சுக் கெடக்கற வயல்ல ஏரி மதகை முழுசாத் தொறந்து விட்டா என்ன ஆவும்?"

"வரப்ப ஒடைச்சுக்கிட்டுப் போயிரும்."

"அதான். வாய்க்கால்ல கொஞ்சங் கொஞ்சமா விடணும்."

அவள் தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அது புரியுதுங்க சார்" என்றாள். "ஏரி நெறையத் தண்ணி இருக்கறப்ப இவன் எதுக்குங்க வயலக் காயப் போட்டான்?"

அவள் எங்களை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை. "ஒரு சட்டிக் கூழுதான் இருக்கும். நான் தின்னாச்சுடான்னு சொல்லிட்டு ஒனக்கு ஊத்துவேன். ஒன்னையப் பசியோட ஒருநா படுக்க வச்சிருப்பனாடா நானு? இப்பதானடா ரெண்டு பேரும் சம்பாரிக்கிறோம், பானை நெறையச் சோறு இருக்கு. இப்பப் போயி..."

செல்வராசு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் கஞ்சி வாங்கப் போனபோது நான் கேட்டேன். "ஏம்பா இப்படிப் பண்ணின?"

ஜெயிக்கும் அணியில் இருப்பவர்களை ஒரு சிமெண்ட் ஆலையில் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு அடிபட்டதாம். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாருந்தான் சிஸ்டர்" என்றான். "வேலை கெடச்சா அக்காவுக்குக் களை வெட்டற வேலை வேணாம்ல."

"செத்துப்போயிருப்பியேடா."

அவன் சிரித்தான். தெம்பு இல்லாத சிரிப்பு. "பசியெல்லாம் நமக்குப் புதுசா சிஸ்டர்? சின்னதுலேர்ந்து பழகுன ஒடம்புதானே, தாங்கும்னு நெனைச்சேன்."

பசித்து வளர்ந்தவனுக்குப் பசி ஒன்றும் செய்யாது என்று நானும்தான் அதுவரை நம்பியிருந்தேன். ஜவுளிக்கடையில் விழுந்த அந்தப் பெண்ணின் உடம்பும் இவன் உடம்பும் வேறு வேறு என்று நினைத்திருந்தேன். ரத்தத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. அவன் அணி இறுதி ஆட்டத்தில் தோற்றது என்று பிறகு கலியபெருமாள் வந்து சொன்னான். அப்படி ஆள் எடுப்பதாக யாரும் அவர்களிடம் வந்து பேசவும் இல்லை. அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதன்பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. "ராத்திரி என்ன சாப்பிட்ட, யார் போட்டது, மிச்சம் எவ்வளவு" என்பதுதான் கேள்வி. ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கி அந்த மாணவியிடம் "சாப்பிடலையாம்மா" என்றுதான் என் வாயில் வந்தது. அது ஏன் என்றும் தெரியவில்லை.

செல்வராசு வீட்டுக்குப் போன காலை நினைவிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அன்றைக்குத்தான் டாக்டர் குழம்பு ஊற்றிச் சோறு போடலாம் என்றார். அஞ்சலை ஆசையோடு அள்ளிப் போடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டை வைத்தாள், கரண்டியில் சோற்றை அள்ளினாள். அள்ளிய கை தட்டுக்கு மேலே நின்றுவிட்டது. பாதியைத் திரும்பப் பாத்திரத்தில் தட்டினாள். மறுபடி அள்ளினாள். தம்பிக்குப் போடும் சோற்றை வாழ்நாளில் அவள் அளந்திருக்கமாட்டாள்.

"சிஸ்டர், எவ்வளவு போடட்டுங்க?"

"டாக்டர் சொன்ன அளவு போடும்மா. ஒரு கரண்டி."

"இது சரிங்க. வூட்டுக்குப் போயி?"

"அவனுக்குப் பசிக்கிற அளவு போடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவன் பசிக்குதுன்னு சொல்லவே இல்லீங்களே சிஸ்டர்."

செல்வராசு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேட்ரன் அம்மா சொல்லிக்கொடுத்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. டாக்டர் சொல்வாங்க. பார்த்துட்டு வர்றேன். தெர்மாமீட்டர்கூடக் கையில்தான் இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

அஞ்சலை தலையாட்டினாள். ஒரு கரண்டிச் சோற்றை மட்டும் தட்டில் போட்டுவிட்டு, பாத்திரத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவன் வாயைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தாள்.